ஆறு வருட ஆன்லைன் வேலையும் ஒரு பக்க ரெஸ்யூமேயும்: எழுதித்தரும் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ரெஸ்யூமே எழுதித்தருவதையே தொழிலாகக் கொண்ட இணையச் சேவை ஒன்றைச் சென்ற ஆண்டு பணம் கட்டிப் பயன்படுத்தினேன். அதில் மெச்சத்தக்கவையும் இருந்தன, எரிச்சலூட்டியவையும் இருந்தன; குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். நான் அவர்களிடம் போனதற்கு ஒரே காரணம், ஆறு வருடங்களாக என் வருமானம் முழுவதும் வீட்டு மேசையில் இருந்தபடி, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத கிளையன்ட்டுகளிடமிருந்து வந்தது என்பதுதான். முதல் இரண்டு வருடங்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கினேன். அதன்பின் வீடியோக்களுக்கு சப்டைட்டில் தயாரித்தேன். சிறிதும் பெரிதுமாக மொத்தம் 214 ஒப்பந்தங்கள். மொழிப்பணி ஒருங்கிணைப்பாளர் என்ற நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தபோது, இந்த ஆறு வருடங்களை ரெஸ்யூமேயில் எழுதுவதா விடுவதா, எழுதினால் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று மூன்று வாரங்கள் குழம்பினேன். விசாரித்தவர்களில் ஒருவர், “அதெல்லாம் ஒரு வேலையா, போடாதீர்கள்” என்றார். இன்னொருவர், “ஒன்றுவிடாமல் போடுங்கள், பக்கம் நிறையட்டும்” என்றார். இரண்டு யோசனைகளுமே உதவாதவை என்பது இப்போது தெரிகிறது. அன்று தெரியாததால்தான் பணம் கட்டினேன்.

பணம் கட்டியதும் 38 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. அதன் ஏழாவது கேள்வி, தற்போது பணிபுரியும் நிறுவனத்தின் பெயர். எட்டாவது, மேலாளரின் பெயரும் பதவியும். இவற்றை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி படிவம் அமைக்கப்பட்டிருந்தது. முதலாவதில் “சுயதொழில்” என்றும் இரண்டாவதில் ஒரு கோடும் போட்டு நகர்ந்தேன். என் போன்றவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், அதாவது எத்தனை கிளையன்ட்டுகள், அவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வேலை கொடுத்தார்கள், தொடர்ந்து நீண்ட காலம் செய்த பணி எது, ரகசியம் காப்பதாக எங்கேனும் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்பவை, அந்த 38இல் ஒன்றாகக்கூட இல்லை. அலுவலகத்துக்குப் போய் வருபவர்களை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்ட சட்டை அது. இந்தச் சேவையில் நான் காணும் முதல் குறையும், பின்னால் வந்த பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலமும் இந்தப் படிவம்தான்.

ஐந்தாம் நாள் முதல் வரைவு வந்தது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. பக்கத்தை நெடுக்காகப் பிரித்து அருகருகே இரண்டு பத்திகள், இடப்பக்கம் அடர்நீலப் பின்னணியில் என் திறமைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரங்கள். மொழிபெயர்ப்புக்கு நான்கு நட்சத்திரமும் நேர நிர்வாகத்துக்கு ஐந்தும் எனக்கு யார் வழங்கியது என்பது இன்றுவரை புரியவில்லை. வலப்பக்கம் பணி அனுபவம் என்ற தலைப்பின் கீழ், முதல் வரியிலேயே நான் “நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அலுவலர்” ஆக்கப்பட்டிருந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன் என்றாலும், யோசித்துப் பார்த்தால் அது சிரிப்போடு விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. தனியாளாக வேலை செய்தவரைத் தலைமைச் செயல் அலுவலர் என்று எழுதினால், நேர்காணலில் முதல் கேள்வியே “உங்களிடம் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்?” என்பதாகத்தான் இருக்கும், “யாருமில்லை” என்ற பதிலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் உள்ள உண்மையான வரிகளையும் எதிரே இருப்பவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். ஆன்லைன் வேலையை எழுதக் கூச்சப்படுபவர்கள் அதை மறைக்கிறார்கள், அல்லது இப்படி ஊதிப் பெரிதாக்குகிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது, இது உண்மையான வேலைதானா என்ற அதே ஐயம்.

பதவிக்குக் கீழே இருந்த விவரம் இது: “உலகளாவிய வாடிக்கையாளர்களுக்கு உயர்தரமான தீர்வுகளை உரிய நேரத்தில் வழங்கினார்.” குழாய் பழுது பார்ப்பவருக்கும் கூரியர் நிறுவனத்துக்கும் அப்படியே பொருந்தக்கூடிய வாக்கியம். நான் சப்டைட்டில் செய்தேன் என்பது அதில் இல்லை, எந்த மொழியில் செய்தேன் என்பதும் இல்லை.

அதற்கும் கீழே, வேலை கொடுத்த நிறுவனங்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நான் கணக்கு வைத்திருந்த தளங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக, ஆண்டுகளோடு அடுக்கப்பட்டிருந்தன. ஆன்லைன் வேலை செய்தவர்கள் தாமே எழுதும் ரெஸ்யூமேக்களிலும் அடிக்கடி காணப்படும் பிழை இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தளம் என்பது வேலை கொடுப்பவரையும் வேலை செய்பவரையும் சந்திக்க வைக்கும் இடம். அது உங்களை வேலைக்கு எடுக்கவில்லை, உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மேலாளர் யாரும் அங்கே இல்லை. மேலும் தளங்களின் பெயர்கள் நிலைப்பதும் இல்லை. 1999இல் தொடங்கிய ஈலான்ஸ், 2003இல் தொடங்கிய ஓடெஸ்க் ஆகிய இரண்டும் 2013இன் இறுதியில் இணைவதாக அறிவித்தன. 2015இல் அப்வொர்க் என்ற புதுப்பெயர் வந்தது. பழைய பெயரைத் தன் நிறுவனத்தின் பெயராக எழுதி வைத்தவரின் ரெஸ்யூமே, இன்று அந்தத் துறைக்கு வெளியே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காத சொல்லோடு நிற்கிறது. 2010இல் தொடங்கிய ஃபைவர் தளத்துக்கு வேறொரு சுமை உண்டு. எந்தப் பணியும் ஐந்து டாலர் என்ற தொடக்ககால ஏற்பாட்டிலிருந்து வந்த பெயர் அது. இப்போது அங்கே அதைவிடப் பன்மடங்கு கட்டணத்தில் வேலைகள் நடந்தாலும், பெயரைப் படிப்பவர் மனத்தில் அந்த மலிவு எங்கோ ஓர் ஓரத்தில் தட்டத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும்விடப் பொருள் பொதிந்த பெயர் அமேசான் 2005இல் தொடங்கிய துண்டு வேலைத் தளமான மெக்கானிக்கல் டர்க். 1770இல் வுல்ஃப்காங் ஃபான் கெம்பெலென் என்பவர் செய்து காட்டிய, சதுரங்கம் ஆடும் பொம்மையின் பெயர் அது. இயந்திரம் தானே ஆடுவதாக எல்லோரும் வியக்க, பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்து காய் நகர்த்தினார். படங்களுக்குப் பெயரிடுவது, ரசீதுகளைப் படித்து எழுதுவது போன்ற துண்டு வேலைகளைச் செய்பவர்கள் இன்றும் அந்தப் பெட்டிக்குள்தான் அமர்ந்திருக்கிறார்கள். வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட வேலையை ரெஸ்யூமேயில் எப்படி வெளியே தெரியச் செய்வது என்பது நியாயமான சிக்கல்தான், ஆனால் தளத்தின் பெயரை எழுதுவதால் அது தீராது. என்ன செய்தீர்கள் என்பதை எழுத வேண்டும். எந்த வாசல் வழியாக வேலை வந்தது என்பதை, தேவைப்பட்டால், கடைசி வரியில் ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் வரைவைப் படித்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் எடுத்திருந்த திட்டத்தில் எழுதியவரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசும் வாய்ப்பு இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். சேவையின் மதிப்பு முழுவதும் அந்த நாற்பது நிமிடங்களில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. பேசியவர் வேலை தெரிந்த பெண்மணி. முதல் வரைவு படிவத்திலிருந்து ஏறக்குறைய தானாகவே உருவாவது, அதை வைத்து எங்களை எடைபோடாதீர்கள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நேற்று ஒரு கோப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உட்கார்ந்ததிலிருந்து அதை அனுப்பும் வரை என்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.”

சொல்லத் தொடங்கினேன். வீடியோவை ஒருமுறை முழுவதும் பார்ப்பேன். தெளிவான ஒலிப்பதிவு என்றால்கூட ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். பலர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் கூடும். எழுதியதைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் திரையில் தோன்றும் கணத்தையும் மறையும் கணத்தையும் ஆயிரத்தில் ஒரு நொடி வரை எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பில் குறிப்பேன். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்துகளுக்குள், திரையில் இரண்டு வரிகளுக்கு மேல் போகாமல் அடக்க வேண்டும். பேசுபவர் வேகமாகப் பேசினால், பார்ப்பவர் படித்து முடிக்கும் அளவுக்குப் பொருள் கெடாமல் சுருக்க வேண்டும். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும் இடத்தில் பழைய வரி தொங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பெயர்கள், துறைச் சொற்கள் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிவைத்து, அதே கிளையன்ட்டின் அடுத்த வீடியோவிலும் அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துவேன்.

“இதில் ஒன்றைக்கூடப் படிவத்தில் எழுதவில்லையே?” என்றார்.

“படிவத்தில் யாரும் கேட்கவில்லையே” என்றேன்.

சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அந்தச் சொற்பட்டியல் தாள்கள் எத்தனை இருக்கும் என்று கேட்டார். பதினொன்று. அவற்றை மற்றவர்களும் பயன்படுத்தினார்களா? ஆமாம், ஒரு கிளையன்ட் என் பட்டியலைத் தன் மற்ற மூன்று சப்டைட்டில் பணியாளர்களுக்கும் அனுப்பி, ஐயம் வந்தால் என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தார். “அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே ஒருங்கிணைப்பாளர் வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள்” என்றார் அவர். ஆறு வருடங்களில் எனக்கே தோன்றாத விஷயம் அது. நான் விண்ணப்பிக்கவிருந்த பதவியின் விளம்பரத்தை அவர் தம் எதிரே திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் வரைவுக்கு முன் எனக்கு வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தார். பழைய இன்வாய்ஸ்களையும் மின்னஞ்சல்களையும் எடுத்து, எண்களைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். குத்துமதிப்பாக எதையும் எழுதக் கூடாது. இரண்டு மாலைகள் செலவாயின. முதல் ஆண்டுக் கணக்குகள் அரைகுறையாக இருந்ததால் அந்த ஆண்டின் எண்களைச் சேர்க்காமலே விட்டுவிட்டோம். இப்போதும் வீட்டிலிருந்து வேலை செய்து வருபவர்கள் மாதக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி, என்ன வேலை, யாருக்கு, எவ்வளவு என்று ஒரு கோப்பில் குறித்து வந்தால் இந்த இரண்டு மாலைகள் மிச்சமாகும்.

வந்து சேர்ந்த இரண்டாம் வரைவில் நிறுவனரும் இல்லை, தலைமைச் செயல் அலுவலரும் இல்லை. “சப்டைட்டில் மற்றும் ஒலிப்பதிவு எழுத்தாக்கம், ஃப்ரீலான்ஸ், 2018–2024” என்று ஒரே தலைப்பு. 214 ஒப்பந்தங்களும் அதற்குள் அடங்கிவிட்டன. அவற்றைத் தனித்தனியாக எழுதியிருந்தால், இரண்டு மாதம் இங்கே, மூன்று வாரம் அங்கே என்று ஓரிடத்தில் நிலைக்காதவன் போன்ற தோற்றம் வந்திருக்கும். ஒரே பணியாகத் தொகுத்ததும் அது ஆறு வருடத் தொடர் உழைப்பாகிவிட்டது. உண்மையும் அதுதான். தலைப்பின் கீழே நான்கு வரிகள். கல்வி வீடியோக்கள், நிறுவனப் பயிற்சி வீடியோக்கள் என 2,100 நிமிடங்களுக்கு மேல் சப்டைட்டில் தயாரித்தது முதல் வரி. ஒரே கிளையன்ட்டுக்கு 31 மாதங்கள் இடைவிடாமல் வாரந்தோறும் வேலை செய்து கொடுத்தது இரண்டாவது. பதினொரு சொற்பட்டியல்களை உருவாக்கிப் பராமரித்ததும், அவற்றில் ஒன்றை நான்கு பேர் கொண்ட குழு பின்பற்றியதும் மூன்றாவது. நான்காவது வரியில் நான் பயன்படுத்தும் மென்பொருள்களும் கோப்பு வகைகளும். “ஆன்லைன்” என்ற சொல் அந்தப் பகுதியில் எங்குமே இல்லை என்பதை நான் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன். மறைக்கப்பட்டதாகவும் தோன்றவில்லை; ஃப்ரீலான்ஸ் என்ற சொல்லே வேலையின் தன்மையை நேராகச் சொல்லிவிடுகிறது. அந்த வேலை கம்பி வழியாக நடந்ததா, மேசைக்கு மேசை நடந்ததா என்பது படிப்பவருக்குத் தேவையான செய்தி இல்லை.

முதல் வரைவில் பெயருக்குக் கீழே பளிச்சென்று இருந்த “98% வெற்றி மதிப்பெண்” என்ற வரியையும் நீக்கச் சொன்னேன். இங்கே எழுதியவரோடு சிறிது வாதாட வேண்டியிருந்தது. எண் இருந்தால் கண்ணில் படும் என்பது அவர் கட்சி. என் கட்சி இதுதான்: அப்வொர்க் தரும் அந்த மதிப்பெண், கடந்த 24 மாதங்கள் வரையிலான ஒப்பந்தங்களைக் கொண்டு அவ்வப்போது மறுபடி கணக்கிடப்படுவது. இன்று அச்சடித்த எண் அடுத்த மாதம் பொய்யாகலாம். தளத்துக்கு வெளியே இருப்பவருக்கு அது நூற்றுக்கு எத்தனை என்று தெரியுமே தவிர, எதற்கு என்று தெரியாது. தளத்தில் கொடுத்த ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு கிளையன்ட் தம் சொந்த வார்த்தையில் எழுதிய இரண்டு வரிப் பாராட்டு இருந்தால், அதற்கு மதிப்பு உண்டு. கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

ரகசிய ஒப்பந்தங்களை அவர் கையாண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. என் கிளையன்ட்டுகளில் இருவர், தங்கள் பெயரையோ வீடியோக்களின் உள்ளடக்கத்தையோ வெளியிடக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பெயர் சொல்ல முடியாத வேலையை எழுதவே முடியாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் அதை “மருத்துவக் கருவிகள் துறையில் பயிற்சி வீடியோக்கள்” என்ற அளவில், துறை, மொழி, அளவு ஆகிய மூன்றை மட்டும் வைத்து எழுதினார். அந்த அளவு ஒப்பந்தத்தை மீறவில்லை என்பதை ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளும்படி என்னிடமே விட்டுவிட்டார். கூடவே, வேலை மாதிரியாக அந்தக் கோப்புகளில் எதையும் யாருக்கும் காட்டக் கூடாது என்றும், பொதுவில் உள்ள ஒரு வீடியோவுக்கு நானே புதிதாக சப்டைட்டில் செய்து அதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தன் முந்தைய கிளையன்ட்டின் ரகசியத்தைக் காட்டி வேலை கேட்பவரை எந்த நிறுவனமும் நம்பாது என்பதால் இது சரியான யோசனை.

இனி அடுத்த குறை. இரண்டாம் வரைவிலும் அந்த இரட்டைப் பத்தி அமைப்பு அப்படியே இருந்தது. விண்ணப்பங்களைப் பெற்று வகைப்படுத்தும் ஏ.டி.எஸ். மென்பொருள்கள் கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கின்றன. பத்திகள் அடுத்தடுத்து இருந்தால் சில மென்பொருள்கள் இடமிருந்து வலமாக, இரண்டு பத்திகளையும் குறுக்கே சேர்த்துப் படித்துவிடும். பக்கத்தின் மேல்விளிம்புப் பகுதியில் வைத்த பெயரும் தொலைபேசி எண்ணும் சிலவற்றில் விடுபட்டுப் போகும். முழுப் பக்கமும் படமாக மாற்றப்பட்ட பி.டி.எஃப். என்றால் எழுத்தே கிடைக்காது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கோப்பில் உள்ள அனைத்தையும் தெரிவுசெய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது. நான் ஒட்டிப் பார்த்தபோது, “31 மாதங்கள் இடைவிடாமல் நேர நிர்வாகம் வாரந்தோறும் குழுப்பணி” என்று ஒரு வரி வந்தது. அந்தப் படத்தை எடுத்து அனுப்பியபின் அதே நாளில் ஒற்றைப் பத்தியாக மாற்றித் தந்துவிட்டார்கள். நட்சத்திரங்களும் அதோடு ஒழிந்தன. ஆனால் தங்கள் விளம்பரத்தில் இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்பாத ரெஸ்யூமே என்று முழங்குபவர்கள், இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இரண்டு முறை அனுப்பியதை எளிதாக விட்டுவிட முடியவில்லை. அந்த விளம்பரங்களில் கட்டிவிடும் அச்சமும் கொஞ்சம் அதிகம். வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, குறிப்பிட்ட சான்றிதழ் உண்டா என்பது போன்ற கட்டாயக் கேள்விகளுக்கு “இல்லை” என்று பதில் சொன்னால் மென்பொருள் விண்ணப்பத்தைத் தானே கழித்துவிடலாம். மற்றபடி அதன் முதன்மையான வேலை சேமிப்பதும், தேடுவதும், வரிசைப்படுத்துவதும்தான். அந்த வரிசையைப் படிப்பது ஒரு மனிதர்.

எதை விட வேண்டும் என்ற பேச்சில் எங்களுக்குள் அதிகக் கருத்துவேறுபாடு இல்லை. தொடக்கத்தில் நான் செய்த, விளம்பரத்தைச் சொடுக்கினால் காசு என்ற வகை வேலைகளைக் குறிப்பிடத் தேவையே இல்லை. அவற்றில் காட்டத்தக்க திறமை ஏதும் கிடையாது. பயன்படுத்தாத பொருளுக்குப் பாராட்டு எழுதிக் கொடுத்தது, மாணவர்களுக்காகக் கட்டுரை எழுதிக் கொடுத்தது போன்றவற்றைச் செய்தவர்கள், எழுத்துப் பணி என்ற பெயரில்கூட அவற்றைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. போலி மதிப்புரைகளை எழுதி விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024இல் விதியே கொண்டுவந்துவிட்டது. அந்த வரியைப் பார்த்து யாரும் உங்கள் மொழிநடையை வியக்கப் போவதில்லை. நல்ல வேலையாகவே இருந்தாலும், விண்ணப்பிக்கும் பதவியோடு தொடர்பில்லாமல், ஏற்கெனவே முழுநேர வேலையில் இருந்த காலத்தில் மாலையில் செய்த சிறு பணி என்றால், அதை விடுவதால் இழப்பில்லை. அதே பணி, வேறு வேலையே இல்லாத இரண்டு ஆண்டுகளை நிரப்புகிறது என்றால் கட்டாயம் எழுத வேண்டும். வெற்றிடத்தைக் கண்டால் படிப்பவர் தமக்குத் தோன்றிய காரணத்தை அங்கே போட்டு நிரப்பிக்கொள்வார்.

ஊதியம் இல்லாத ஆன்லைன் வேலையில்தான் எழுதியவரோடு எனக்கு உண்மையிலேயே உடன்பாடில்லை. நான் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாகக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். அவர் அதைப் பொழுதுபோக்குகள் என்ற தலைப்பில், நீச்சலுக்கும் புகைப்படக்கலைக்கும் நடுவே வைத்திருந்தார். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் அப்படியே இருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு கிட்ஹப் 2008 முதல் செய்துவருவதும் இதுதான். அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர் தம் வேலையைப் பற்றிச் சொல்வதை நாம் அவர் வாயிலிருந்துதான் நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே வேலையே திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மொழி சார்ந்த பதவிக்கு விண்ணப்பிக்கும்போது இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது கைக்கு எட்டிய சான்றைத் தூர எறிவதாகும். “தன்னார்வப் பணி” என்று தனித்தலைப்பு போடச் சொன்னேன். போட்டுத் தந்தார்கள், மனமில்லாமல்.

சரிபார்ப்பைப் பற்றி இந்தச் சேவை எனக்கு எதுவுமே சொல்லவில்லை. பெரிய குறை என்று நான் கருதுவது இது. வேலை உறுதியானபின் பின்னணிச் சோதனை நடத்தும் நிறுவனங்கள், வழக்கமாக முந்தைய அலுவலகத்தின் ஹெச்.ஆர். துறைக்கு எழுதிக் கேட்கும். ஃப்ரீலான்ஸ் செய்தவருக்கு அப்படி ஒரு துறை இல்லாததால் ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் ஆகியவற்றைக் கேட்பார்கள். அப்வொர்க் போன்ற தளங்களில் இதுவரை ஈட்டிய வருமானத்துக்குச் சான்றிதழ் பதிவிறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. தளத்தை மூடினாலோ கணக்கு முடங்கினாலோ இவை கிடைக்காமல் போகும் என்பதால், வேலை தேடத் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்தச் சோதனை வந்தபோது, அந்த 31 மாதக் கிளையன்ட்டிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் பெற இரண்டு வாரங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். “யாரைத் தொடர்புகொள்ளலாம், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்களா?” என்ற ஒரு வரி அந்த 38 கேள்விகளோடு முப்பத்தொன்பதாவதாக இருந்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

இதே திட்டத்தில் கவர் லெட்டரும் லிங்க்ட்இன் பக்கத் திருத்தமும் சேர்ந்தே வந்தன. கவர் லெட்டர் ரெஸ்யூமேயையே வேறு வாக்கியங்களில் திருப்பிச் சொன்னது, பயன்படுத்தவில்லை. லிங்க்ட்இன்னில் தேதிகளை மட்டும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகும்படி சரிசெய்து தந்தார்கள், அது தேவையான வேலைதான்.

நேர்காணலில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சேவையின் தரத்தை அங்கேதான் அளக்க முடியும். மூன்று பேர் இருந்தார்கள். ஆறு வருடங்கள் ஏன் வீட்டிலிருந்தீர்கள் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்துப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தக் கேள்வி வரவே இல்லை. நடுவில் இருந்தவர் பேனாவின் முனையை மூன்றாவது வரியில் வைத்துக்கொண்டு, “இந்தச் சொற்பட்டியலில் இருவர் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியபோது யார் சொன்னது நின்றது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. பேச்சு அதிலேயே அரை மணி நேரம் ஓடியது.

ஆகவே இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஆன்லைனில் ஒரே வகை வேலையை ஓரளவு நீண்ட காலம் செய்துவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்பவர்கள், தொலைபேசிப் பேச்சு அடங்கிய திட்டத்தை மட்டும் எடுக்கலாம். பேசும் முன் தங்கள் எண்களையும், விண்ணப்பிக்கவிருக்கும் பதவியின் விளம்பரத்தையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். படிவத்தை மட்டும் நிரப்பி வரைவைப் பெறும் கீழ்நிலைத் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். அதில் கிடைப்பதை ஒரு மாலையில் நீங்களே எழுதிவிடலாம், தலைமைச் செயல் அலுவலர் ஆகாமலும் தப்பிக்கலாம். இரண்டு மூன்று சிறு பணிகளே செய்தவர்களுக்கும், பல துறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தவர்களுக்கும் இதனால் பெரிய பயன் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், படிவத்துக்கு ஒன்று, பேசியவருக்கு நான்கரை. என்னிடம் இப்போதுள்ள பக்கத்தில் வாக்கியங்கள் பெரும்பாலும் நான் பிறகு திருத்தி எழுதியவை. அந்த ஒற்றைத் தலைப்பும் அதன் கீழுள்ள நான்கு வரிகளின் வரிசையும் மட்டும் அவர் அமைத்துக் கொடுத்தபடியே இருக்கின்றன.